வேட்டிக்கு அளந்த வெளிச்சம்

"இந்தப் படத்துல ஒரு பிள்ளையைக் காணோம் அம்மிணி. வரவெச்சுக் குடுக்க முடியுமா?"

நாச்சிமுத்து வாத்தியார் படத்தை மேசைமேல் வைத்தார்.

தெய்வானை படத்தைப் பார்க்கவில்லை. வாத்தியாரைப் பார்த்தாள்.

அவர் ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. அவளுக்கு வயது முப்பத்தாறு. கடைவீதியில் ஒற்றை அறை ஸ்டுடியோ, பின்னால் ஒரு இருட்டறை. கேமராவில் பிலிம் போட்ட காலம் அது.

ஊரில் யாருக்காவது மனம் குழம்பினால் அவளிடம் போவார்கள். ஏன் போகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. அவள் பதில் சொல்வது அபூர்வம். எதையாவது எடுத்துக் கையில் கொடுப்பாள்.

"உக்காருங்க சார். எத்தனை பேருங்?"

"பத்தாம் வகுப்பு, நாப்பத்தி மூணு பசங்க. முன்னாடி நாற்காலியில தாளாளர், தலைமையாசிரியர், கமிட்டிக்காரங்க மூணு பேர்."

"காணாமப் போனது?"

"நஞ்சி. மூணாவது வரிசை, கடைசி ஆளு."

அங்கே ஒரு இருட்டு இருந்தது. இருட்டுக்குள் இரண்டு கண். கொஞ்சம் பல்.

நஞ்சி இருளர் வீட்டுப் பெண். மலையடிவாரத்தில் அவர்களுடைய பதியில் மொத்தம் பதினோரு வீடு. அந்தப் பதினொன்றில் ஒருவர்கூடப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியதில்லை. இவள் கணக்கில் வாத்தியாரையே திருத்துவாள்.

"படம் வகுப்புக்கு வந்துச்சு. சென்னியப்பன்னு ஒருத்தன், படத்துக்கு மேல தீக்குச்சியைக் கிழிச்சான். 'கரண்டு போச்சுடா, நஞ்சியைத் தேடுங்க'ன்னான். மொத்த வகுப்பும் சிரிச்சுது. மறுநாள்ல இருந்து அவ வரலை. இன்னிக்கு ஒம்பது நாள்."

"போய்ப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை. வெள்ளிக்கிழமைக்குள்ள பரீட்சை விண்ணப்பத்துல அவ கையெழுத்து போடோணும். இல்லீன்னா இந்த வருஷம் எழுத முடியாது. இந்த வருஷம் போச்சுன்னா அடுத்த வருஷம் அவளை யாரு அனுப்பப் போறாங்க? கையெழுத்து போடு கண்ணுன்னு கேட்டா, 'நான்தான் வகுப்புலயே இல்லியே சார், படத்தைப் பாருங்க'ங்கறா."

அவர் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். விண்ணப்பம் அதில்தான் இருந்தது.

"பசங்களுக்குப் புத்தி சொன்னீங்களா?"

"ஒரு மணி நேரம் சொன்னேன். எல்லாரு ரத்தமும் செவப்புன்னு சொன்னேன். பாடப்புத்தகத்துல மொதப் பக்கத்துல அச்சடிச்சிருக்குமே, அதை அம்பது தடவை எழுத வெச்சேன்."

"எழுதினாங்களா?"

"கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு. சாயங்காலமே எவனோ அவ பெஞ்சுமேல ஒரு மெழுகுவர்த்தி வெச்சிருந்தான்."

தெய்வானை படத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"கெட்ட பசங்க இல்ல அம்மிணி. அதுதான் எனக்குப் புரியலை. முப்பத்திமூணு வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். இதை எப்படி இதுகளுக்குச் சொல்லிக் குடுக்கறதுன்னு தெரியலை."

அவள் எழுந்தாள். சின்னத் தூரிகையை எடுத்தாள். விளக்கை இழுத்துப் படத்தின் மேல் வைத்தாள்.

டச்சப் செய்வதில் அவள் கை அந்தப் பக்கத்தில் பேர்போனது. பெண் பார்க்கக் கொடுக்கும் படமென்றால் கேட்காமலே இரண்டு சுற்று வெளுப்பு ஏற்றிக் கொடுப்பாள். கேட்காமல் செய்வதுதான் வழக்கம். கேட்டால் சங்கடம்.

பத்து நிமிடம் ஆனது.

இருட்டு இருந்த இடத்தில் ஒரு முகம் வந்தது. மூக்கு வந்தது, கன்னம் வந்தது. பளிச்சென்று இருந்தது.

"அப்பாடா," என்றார் வாத்தியார். "இது போதும்."

"யாருங்க சார் இது?"

வாத்தியார் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். மறுபடி குனிந்தார்.

"தெரியலை," என்றார்.

அவள் தூரிகையைக் கழுவி வைத்தாள்.

"இவளை ஓரத்துல நிறுத்தினது யாருங்?"

"நான்தான். உயரப்படி நிறுத்தினேன்."

அவள் விரல் நஞ்சிக்குப் பக்கத்துப் பையனைத் தொட்டது. அவன் நஞ்சியைவிடக் குட்டை. அவனுக்கு அந்தப் பக்கம் நின்றவன் அவனைவிட உயரம். உயரப்படியென்றால் நஞ்சி நடுவில் நின்றிருக்க வேண்டும்.

வாத்தியார் விரலால் அந்த வரிசையை இன்னொரு முறை அளந்தார்.

"நான் நெனைச்சு நிறுத்தலை அம்மிணி."

"தெரியுமுங். நானும் நெனைச்சு எடுக்கலை."

"உங்க மேல என்ன தப்பு?"

"படம் எடுத்தது நானுங்களே."



"அப்ப பசங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். சிரிச்சவன் ஒருத்தன், சிரிக்காதவ ஒருத்தி. நாளைக்கு அனுப்பி வையுங்."



மறுநாள் இருவரும் வந்தார்கள். சென்னியப்பன், கலாமணி.

சென்னியப்பன் வாசலிலேயே சொல்லிவிட்டான். "எல்லாரும்தானுங்கக்கா சிரிச்சாங்க. என்னை மட்டும் எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"சிரிப்புக் காட்டினது நீயாமே. நல்லாக் காட்டினியாம்."

அவனுக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

"நான் சிரிக்கலைங்கக்கா," என்றாள் கலாமணி.

"என்ன பண்ணினே?"

"சும்மா இருந்தேன்."

"அவ பக்கத்துலயா?"

கலாமணி தரையைப் பார்த்தாள். "வேற பெஞ்சுக்குப் போயிட்டேன். அவகூட உக்காந்தா என்னையும் சொல்லுவாங்க."

தெய்வானை அந்தப் படத்தின் நெகட்டிவை எடுத்துச் சென்னியப்பன் கையில் கொடுத்தாள். ஓரத்தைப் பிடிக்கச் சொன்னாள். விளக்குக்கு நேரே தூக்கச் சொன்னாள்.

"நஞ்சி எங்கே?"

அவன் தேடினான். முன்வரிசையில் ஐந்து பேரின் வெள்ளை வேட்டியும் தலைகீழாகக் கரியாகத் தெரிந்தது, மடிப்பு மடிப்பாக. கடைசியில் ஓர் இடம் வெறும் கண்ணாடி மாதிரி இருந்தது. அதன் வழியே எதிர்ச்சுவர் தெரிந்தது.

"இங்க ஒண்ணுமே இல்லீங்களேக்கா. அழிஞ்சு போச்சா?"

"அழியலை. அங்க எதுவும் பதியவே இல்ல."

"அவ நின்னாளே. நான் பாத்தேனே."

"நின்னா. வெளிச்சம் அவகிட்டப் போயிச் சேரலை."

அவன் நெகட்டிவைத் தாழ்த்தவில்லை.

"ஏனுங்கக்கா?"

அவள் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை எடுத்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும். கண்ணாடிக்குள் ஒரு ஊசி. வெளிச்சம் அளக்கும் மீட்டர்.

ஒரு வெள்ளை வேட்டியை நாற்காலியில் விரித்துப் போட்டாள். மீட்டரை அவனிடம் கொடுத்தாள். வேட்டியைக் காட்டினாள்.

அவன் வேட்டிக்கு முன்னால் பிடித்தான். ஊசி எகிறிக் கடைசிக்குப் போனது.

கலாமணியின் கன்னத்துக்கு முன்னால் பிடித்தான். ஊசி பாதியில் நின்றது.

கலாமணி அதை வாங்கி அவன் கன்னத்தில் பிடித்தாள். ஊசி இன்னும் கீழே வந்தது.

"அட," என்றான் சென்னியப்பன்.

"ஊசி சொல்றபடிதான் கேமராவைத் திறப்பேன். வேட்டியில புடிச்சா, கேமரா கொஞ்சமாத்தான் கண்ணைத் திறக்கும். வேட்டி மடிப்பு, கரை, எல்லாம் அழகா விழும்."

"மத்தவங்க?"

"படத்தைப் பாரு."

பார்த்தார்கள். பளிச்சென்ற முன்வரிசை. அதற்குப் பின்னால் மங்கல். அதற்குப் பின்னால் இன்னும் மங்கல்.

"உன்ற மொகம் எங்கே தம்பி?"

அவன் தன்னைத் தேடினான். இரண்டாம் வரிசை, நாலாவது. மூக்கின்மேல் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி.

படம் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. இந்தப் படத்தின் மேல் தீக்குச்சி கிழித்தவன் அவன். இதை அவன் பார்த்ததில்லை.

"என்ற மொகமுந்தான் இல்ல," என்றான்.

கலாமணி விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். கண் தெரிகிறவர்கள், தெரியாதவர்கள். எண்ணி முடித்து நிமிர்ந்தாள்.

"அக்கா, அப்ப நஞ்சிமேல புடிச்சா?"

"எல்லார் மொகமும் வரும். வேட்டி வெளுத்துப் போயிரும். மடிப்பு தெரியாது, கரை தெரியாது. வெள்ளையா ஏதோ ஒண்ணு உக்காந்திருக்கும்."

"அதனாலதான் புடிக்கலியா?"

"குரூப் போட்டோன்னா வேட்டிக்குத்தான் அளக்கோணும்னு எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவரு சொன்னாரு. அவருக்கும் யாரோ சொல்லிக் குடுத்தாங்க. வேட்டி சரியா விழலீன்னா அடுத்த வருஷம் வேற ஸ்டுடியோவைக் கூப்புடுவாங்க."

சென்னியப்பன் இன்னும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வகுப்புப் போட்டோதானுங்க இது," என்றான் மெதுவாக. "அவங்க வேட்டி எங்களுக்கு எதுக்குங்கக்கா?"

தெய்வானை அவனைப் பார்த்தாள்.

பிறகு, தனக்குத்தானே சொல்கிறவள்போல, "பதினாலு வருஷம்," என்றாள். "ஒருத்தரு இதைக் கேட்டதில்ல. நானும் கேட்டதில்ல."



புதன்கிழமை வாத்தியார் அவர்களைப் பதிக்குக் கூட்டிப் போனார். பாதையெல்லாம் கல்.

நஞ்சி அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"நஞ்சி," என்றான் சென்னியப்பன். "தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சுக்க."

"சார் சொல்லச் சொன்னாரா?"

"இல்ல."

"தீக்குச்சி எங்கே? கொண்டாரலியா? இங்க எல்லாரும் என்ற நெறம்தான். எப்படிக் கண்டுபுடிச்சே?"

குடம் நிரம்பி வழிந்தது. அவன் அதைத் தூக்கி ஓரமாக வைக்கப் போனான். அவள் தானே தூக்கி வைத்தாள்.

கலாமணி சொன்னாள், வேகமாக, மூச்சு வாங்காமல். நெகட்டிவைச் சொன்னாள். ஊசியைச் சொன்னாள். வேட்டியைச் சொன்னாள். தான் பெஞ்சு மாறியதைச் சொல்லும்போது மட்டும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

நஞ்சியின் கை பம்பிலேயே நின்றுவிட்டது.

"அப்ப நான் அந்தப் பிலிம்லயே இல்லியா?"

"இல்ல."

"நான் கருப்பா இருக்கறதால இல்ல?"

"இல்ல. உன்னை அளக்காததால."

நஞ்சி மலையைப் பார்த்தாள். பிறகு வாத்தியாரைப் பார்த்தாள். அவர் தலை குனிந்தார்.

"நாளைக்கு மறுபடி எடுக்கறாங்க கண்ணு," என்றார். "நீ நடுவுல நில்லு. தாளாளருக்குப் பின்னாடி. நான் நிறுத்தறேன்."

"நடுவுல எதுக்குங்க சார்? நின்ன எடத்துலயே நிக்கறேன். வெளிச்சம் அங்க வரட்டும்."

அவள் பம்பிலிருந்து கையை எடுத்தாள்.

"அந்த ஊசிப் பெட்டியை நான் புடிப்பேன். படத்தைக் கழுவறப்ப நானும் உள்ள இருப்பேன். என்ற மொகம் வந்தாக் கையெழுத்துப் போடறேன். வெள்ளையா வேற எவளாவது வந்தாப் போடமாட்டேன்."

அவள் அடுத்த குடத்தை வைத்தாள்.



வியாழக்கிழமை பள்ளி மைதானத்தில் பெஞ்சு போட்டார்கள். நாற்காலி போட்டார்கள். பழைய படம் கெட்டுவிட்டது என்று மட்டும் வாத்தியார் தாளாளரிடம் சொல்லியிருந்தார்.

தாளாளர் வந்தார். சலவை மொடமொடப்பு கலையாமல் உட்கார்ந்தார். மற்ற நால்வரும் உட்கார்ந்தார்கள். மூன்றாவது வரிசைக் கடைசியில், வாகை மர நிழலில், நஞ்சி நின்றாள்.

தெய்வானை கேமராவை நிறுத்தினாள். மீட்டரை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்கு நடந்தாள்.

தாளாளர் வழக்கம்போல மடிப்பை நீவிவிட்டார்.

அவள் அவரைத் தாண்டிப் போனாள். இரண்டாம் வரிசையைத் தாண்டினாள். மூன்றாவது வரிசைக் கடைசிக்குப் போய் மீட்டரை நீட்டினாள்.

நஞ்சி வாங்கினாள். தன் கன்னத்துக்கு முன்னால், ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள்.

நாற்பத்திரண்டு தலை திரும்பியது.

"எவ்வளவு?" என்றாள் தெய்வானை.

நஞ்சி எண்ணைச் சொன்னாள். சத்தமாகச் சொன்னாள்.

"ஏனம்மிணி," என்றார் தாளாளர், "அளவெல்லாம் இங்கதான எடுப்பீங்க?"

"ஆமாங்க. தப்பா எடுத்துட்டு இருந்தேனுங்க."

"அங்க எடுத்தா இங்க விழுமா?"

"மொகம் விழுமுங்க. வேட்டி விழாது."

தாளாளர் எழுந்தார். நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. தலைமையாசிரியரும் பாதி எழுந்துவிட்டார்.

"அப்புறம் நாங்க எதுக்கு இங்க உக்காரோணும்?"

ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம் என்று வாத்தியார் மனசுக்குள் ஏதோ ஒன்று சொன்னது.

"உக்காருங்கய்யா." சென்னியப்பனின் குரல் அது. "போன தடவை நாங்க இல்லாம எடுத்தாங்க. நாங்க நின்னோமுங்களே."

யாரோ கிளுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தாளாளர் வாத்தியாரைப் பார்த்தார். இவன் யார் வகுப்புப் பையன் என்று கேட்கிற பார்வை.

"என்ற பையன்தானுங்க," என்றார் வாத்தியார். "சரியாத்தான் சொல்றான்."

அவர் காதுக்கே அது யாரோ பேசியதுபோல இருந்தது.

வாகை மரத்தில் நெற்றுகள் சலசலத்தன. தாளாளர் நின்றார். அவரைச் சுற்றி நாற்பத்தி மூன்று பேர் அசையாமல் நின்றார்கள். ஒருவரும் அவர் உட்காரட்டும் என்று காத்திருக்கிற மாதிரி இல்லை. நஞ்சி கையிலிருந்த ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் உட்கார்ந்தார்.

தெய்வானை கேமராவின் கண்ணை நன்றாகத் திறந்தாள்.



சாயங்காலம், இருட்டறை. சிவப்பு விளக்கு. ஐந்து பேருக்கு அங்கே இடமில்லை, ஆனாலும் ஐந்து பேர் நின்றார்கள். சுவரோரம் வாத்தியார். அவருக்கு முன்னால் சென்னியப்பன், கலாமணி. தொட்டிக்கு நேராக நஞ்சி.

தெய்வானை காகிதத்தை மருந்துக்குள் விட்டாள்.

வெறும் வெள்ளைக் காகிதம். தண்ணீருக்கடியில் ஆடியது.

"இனி என்னங்கக்கா?" என்று கலாமணி கிசுகிசுத்தாள்.

"பேசாம இரு."

எதுவும் நடக்கவில்லை.

பிறகு காகிதத்தின் ஒரு ஓரத்தில் புகைபோல ஏதோ வந்தது.

வாத்தியார் முன்னால் சாய்ந்தார். அவர் இதுவரை ஒரு படம் பிறந்து பார்த்ததில்லை.

புகை சுருண்டது, கூந்தலானது. கூந்தலுக்குக் கீழே ஒரு புருவம். ஒரு கண், அதற்குள் ஒரு பொட்டு வெளிச்சம். இன்னொரு கண். மூக்கு. மூக்கின் பக்கத்தில் ஒரு சின்னத் தழும்பு.

அந்தத் தழும்பை அவர் பார்த்ததில்லை. இரண்டு வருடமாகத் தினமும் காலையில் அவள் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்.

மற்ற எல்லா இடமும் இன்னும் வெள்ளைதான். நாற்காலி இல்லை, வேட்டி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, வரிசை இல்லை. ஒன்றுமில்லாத அந்த வெள்ளையில் நஞ்சி மட்டும் வந்து நின்றாள்.

"அவ மட்டும் ஏனுங்கக்கா மொதல்ல வர்றா?" என்றான் சென்னியப்பன்.

"கருப்புதான் மொதல்ல வரும். எப்பவும் அப்படித்தான்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

அவளைத் தொட்டுக்கொண்டு இன்னொரு முகம் வந்தது. அதற்கடுத்து இன்னொன்று. வரிசை வரிசையாக ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வந்தார்கள். சென்னியப்பன் வந்தான். கண்ணோடு வந்தான். கலாமணி வந்தாள். எல்லோருக்கும் பிறகு, தயங்கித் தயங்கி, ஐந்து முகங்கள், ஐந்து மூக்குக்கண்ணாடிகள். முகங்களுக்குக் கீழே ஐந்து வெள்ளைகள் கடைசிவரை வெள்ளையாகவே கிடந்தன.



நஞ்சி கண்ணெடுக்காமல், பக்கவாட்டில் கையை நீட்டினாள்.

"பேனா குடுங்க சார்."

வாத்தியார் பேனாவைக் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தார். மடிந்து மடிந்து அது துணி மாதிரி ஆகியிருந்தது. நஞ்சி அதை மருந்துத் தொட்டிப் பக்கத்துப் பலகையில் வைத்து நீவினாள். சிவப்பு வெளிச்சத்தில் குனிந்து, தன் பெயரின் முதல் எழுத்தைத் தொடங்கினாள்.

தெய்வானை இடுக்கியால் படத்தின் மூலையைப் பிடித்துத் தூக்கினாள். கை பழகிய நேரம் அது. முகம் நன்றாக இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். இன்னும் விட்டால் முகம் கறுத்துவிடும்.

"எடுக்காதீங்கக்கா," என்றாள் நஞ்சி. எழுதுவதிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நான் இன்னும் கருப்பு."